எண்ணெய் காணாத தலை

1

செங்கல்பட்டில் ஒரு சிறுகதை வாசிப்புக் கூட்டம். இருபது பேர் இருந்திருப்போம். நண்பர் ஒருவர் இருளர் குடும்பம் ஒன்றைப் பற்றித் தான் எழுதிய கதையை வாசித்தார். அரிசி ஆலை, வாங்கிய முன்பணம், தீராத கடன், ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பிக்கிற குடும்பம். நல்ல கதைதான், சந்தேகமில்லை. அதில் இரண்டாவது பத்தியிலேயே ஒரு சிறுமி வருகிறாள், 'எண்ணெய் காணாத பரட்டைத் தலை'யோடு. வாசிப்பு முடிந்ததும் யதார்த்தவாதத்தின் எல்லை, கதைசொல்லியின் சாதி, முடிவில் இருக்கிற அரசியல் என்று வழக்கம்போலப் பேசினோம். நானும் பேசினேன்.

பின்வரிசையில் இருளர் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சங்க வேலையாக ஊருக்கு வந்தவர், ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் பேசி முடித்த பிறகு எழுந்தார். "கதை நல்லாத்தான் இருக்குது சார். ஆனா எங்களப் பத்தி யார் எழுதுனாலும் தலையில எண்ணெ இல்லன்னே எழுதறீங்களே, அது ஏன்? நாங்களும்தான் எண்ணெ வைக்கிறோம். முடி சுருட்டையா இருந்தா எண்ணெயே வைக்கலன்னு அர்த்தமா?"

நண்பர் தடுமாறி, "அது வறுமைக்கு ஒரு குறியீடும்மா" என்றார். அந்த அம்மா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கும் சுருட்டதானே? நீ சொல்லு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முடியை அன்றைக்கும், எல்லா நாளும் போல, தண்ணீர் தொட்டு இழுத்து வாரி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கித்தான் வந்திருந்தேன். வீட்டுக்குப் போய் நான் எழுதிய மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில், இதே மாதிரியான ஒரு வர்ணனையைச் சுட்டி, 'வாழ்வைக் கூர்ந்து பார்த்த கண்' என்று பாராட்டியிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த அம்மாவுக்குத் தாமதமாகச் சொல்கிற பதில். கொஞ்சம் என்னைத் திருத்திக்கொள்வதும்கூட.

2

'பரட்டை' என்பது முடியின் நிலை. வாராமல் விட்டால் யாருடைய தலையும் பரட்டையாகும். 'சுருட்டை' என்பது முடியின் வடிவம். அது மயிர்க்காலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மயிர்க்கால் தோலுக்குள் வளைந்திருந்தால் அதிலிருந்து வருகிற முடி சுருளும். சீப்பாலும் எண்ணெயாலும் நிலையை மாற்றலாம், வடிவத்தை மாற்ற முடியாது. இந்த இரண்டு சொற்களையும் நமது உரைநடை ஒன்றாக்கிவிட்டது என்பதுதான் என் வாதம். ஒருவருடைய முடியின் வடிவத்தை அவருடைய பராமரிப்பின்மையாக வாசிக்கிறோம். பிறகு அந்தப் பராமரிப்பின்மையை அவருடைய வறுமையாக, அறியாமையாக, சாதியாக வாசிக்கிறோம். ஒரு அடைமொழி இத்தனை வேலை செய்கிறது.

எண்ணெய் விஷயத்தில் கண்ணே நம்மை ஏமாற்றுகிறது. நேரான முடியில் வெளிச்சம் ஒரே திசையில் பட்டுத் திரும்புவதால் பளபளப்புத் தெரிகிறது. சுருள் முடியில் அதே வெளிச்சம் பல பக்கமாகச் சிதறுகிறது, எனவே மங்கலாகத் தெரிகிறது. தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய்ப்பசை நேரான முடியில் நுனிவரை வழுக்கிக்கொண்டு இறங்கும். சுருளில் வளைவுக்கு வளைவு தடைபட்டு நுனிக்குப் போய்ச் சேராது. ஆகவே ஒரே கிண்ணத்து எண்ணெயை இரண்டு குழந்தைகளுக்கு வைத்தாலும் ஒன்று 'எண்ணெய் வைத்த தலை'யாகவும் மற்றது 'எண்ணெய் காணாத தலை'யாகவும் தெரியலாம். எழுத்தாளன் கண்டது பொய்யில்லை. கண்டதற்கு அவன் கொடுத்த காரணம்தான் பொய்.

இந்தப் பொய் தமிழில் எப்போதும் இப்படியே இருந்ததா? இல்லை. 'குழல்' என்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குழல்தல் என்றால் சுருளுதல். பெண்ணின் கூந்தலுக்கு நாம் இன்றும் சாதாரணமாகச் சொல்கிற சொல்லின் வேரிலேயே சுருள் இருக்கிறது. சுரியல், அளகம் எல்லாம் சுருளைச் சொல்பவை. ஐம்பால் என்று எண்ணப்பட்ட ஐந்து வகைக் கூந்தல் ஒப்பனைகளில் குழலும் ஒன்று. சங்கப் பாட்டில் கூந்தலுக்கு அடிக்கடி வரும் உவமை அறல். ஆற்றுநீர் ஓடி வடிந்த இடத்தில் கருமணல் அலையலையாகப் படிந்து கிடப்பது அறல். நேர்கோட்டை எவரும் அறல் என்று சொல்லவில்லை. (பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு வகுப்பில் இதை விளக்கப் போனால் பிள்ளைகளுக்குக் காட்ட மணல் இல்லை, அது லாரியில் போய்விட்டது.) 'சுருட்டை முடி சோறு போடும்' என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்வார்கள். பிறந்த குழந்தைக்குச் சுருட்டை என்றால் அதிர்ஷ்டம்.

ஆனால் பழைமையைக் கொண்டாடி இங்கேயே நின்றுவிட முடியாது. அறலும் குழலும் யாருக்கு? தலைவிக்கு. சிற்றூர்ச் சிறாருக்குச் சங்கப் புலவர்கள் கொடுத்த அடைமொழி 'புன்தலை'. பொலிவற்ற, எண்ணெய்ப்பசையற்ற தலை. பெண்யானைக்கும் அதே அடைமொழிதான். ஆக, ஒரு பக்கம் கூந்தல், இன்னொரு பக்கம் வெறும் தலை என்கிற பிரிவினை நமது செவ்வியல் பிரதிகளிலேயே தொடங்கிவிட்டது. சிறுகதை எழுதிய நண்பரின் சிறுமி அந்தப் புன்தலையின் பேத்தி.

குறுந்தொகை இரண்டாம் பாட்டைச் சுற்றித் திருவிளையாடல் கட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, பூவாலும் பூச்சாலும் வந்ததா என்பது நக்கீரருக்கும் இறையனாருக்கும் வழக்கு. நம் பட்டிமன்றங்கள் இதைப் புலவனின் நெஞ்சுறுதிக் கதையாகவே சொல்லித் தீர்த்துவிட்டன. எனக்கு இப்போது வேறொன்று முக்கியமாகப் படுகிறது. நக்கீரர் பக்கம்தான் நியாயம் என்றால், அந்தக் கூந்தலுக்கு எண்ணெய் தடவியது யார், அகிற்புகை ஊட்டியது யார், பூ முடித்தது யார்? தோழியும் ஏவற்பெண்டிரும். 'இயற்கை அழகு' என்று பாடப்பட்டதற்குப் பின்னால் பிறர் உழைப்பு இருக்கிறது. ஆகவே 'எண்ணெய் காணாத' என்ற சொல் உண்மையில் எதையாவது சுட்டுமானால், நேரமின்மையைச் சுட்டலாம், கையோய்ந்த தாயைச் சுட்டலாம். அரிசி ஆலையில் நாளெல்லாம் நெல் அவித்து, உலர்த்தி, தவிட்டுத் தூசி தலையில் படிந்து நிற்கிறவளுக்குத் தன் பிள்ளை தலையைப் பார்க்க எத்தனை நிமிஷம் கிடைக்கும்? அதை எழுதியிருந்தால் குறியீடு. சுருளைப் பார்த்து எழுதினால் அது ஏச்சு.

3

வடிவத்தை ஒழுங்கீனமாக வாசிப்பது நாம் மட்டும் கண்டுபிடித்ததல்ல. கறுப்பின மக்களின் வரலாற்றில் அது சட்டமாகவே இருந்திருக்கிறது. லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் மிரோ 1786இல், அடிமைத்தளையற்ற கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடிக்கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் மூடிக்கட்டினார்கள். ஆனால் பளீரென்ற வண்ணத்துணிகளால், ஆணையே அசடு வழியும்படி கட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்த பிறகு ஒருவர் எந்த இனம் என்ற சந்தேகம் எழுந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் கீழே விழுந்தால் ஒரு வாழ்க்கை, முடியில் சிக்கி நின்றால் வேறொரு வாழ்க்கை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள்.

அதிகாரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மால்கம் எக்ஸ் 1965இல் வெளியான தன் வரலாற்றில், இளமையில் காரச்சோடாவும் உருளைக்கிழங்கும் முட்டையும் கலந்த களிம்பைத் தலையில் பூசி, எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு முடியை நேராக்கியதைச் சொல்கிறார். கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்பட்ட அந்தக் கணத்தைத் தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்ட முதல் பெரிய அடி என்று பின்னாளில் கணிக்கிறார். அறுபதுகளில் 'கறுப்பே அழகு' என்று முழக்கம் எழுந்தபோது ஏஞ்சலா டேவிஸின் விரிந்த முடி சுவரொட்டிகளில் ஏறியது இந்த உள்வலியின் மறுபக்கம். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் பள்ளி மாணவிகள் தங்கள் முடிக்காகப் போராட வேண்டியிருந்தது, 2016இல். முடியின் வடிவத்தைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு செய்யக்கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டது 2019இல்தான்.

இதையெல்லாம் நமது தோழர்கள் அறிவார்கள். எழுபதுகளில் மராட்டியத்தில் தலித் பேந்தர்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தார்கள். தமிழிலும் கறுப்பிலக்கியத்தை ஆர்வமாகப் படித்தோம், மொழிபெயர்த்தோம். ஆனால் 'அடங்க மறு' என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, "புள்ள முடிய எண்ணெ வச்சி அடக்கி வாரு" என்று சொன்னவர்களும் நாம்தான். முடி 'அடங்கணும்', பெண் 'அடங்கணும்': இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒப்புமை சொல்கிறோம் என்று ரத்த உறவு கட்டக்கூடாது. காலனிய மானிடவியல் அதைத்தான் செய்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் செங்கல்பட்டு இருளர்களும் உண்டு. மூக்கை அளந்தார், தலையை அளந்தார், முடி சுருளா அலையா கம்பளியா என்று குறித்தார். 1931 கணக்கெடுப்பை ஒட்டி பி. எஸ். குகா காடர் போன்றோரின் சுருள் முடியை வைத்து 'நெக்ரிட்டோ' கூறு இருக்கிறது என்றார். சுருளைப் பார்த்தவுடன் ஆப்பிரிக்காவைத் தேடுகிற அந்தப் பழக்கம் இன்னும் நம் பேச்சில் இருக்கிறது. ஆப்பிரிக்க மூதாதையர் உள்ளவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள், கர்நாடகத்துச் சித்திகள் அப்படி. இருளர் கதை வேறு. அவர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் பொதுவாக இருப்பது மரபணு அல்ல, பார்க்கப்பட்ட விதம். அளக்கப்பட்டவர்கள் என்கிற உறவு.

சினிமாவும் அளக்கிற கருவிதான். '16 வயதினிலே' (1977) படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற ஊர்ப் போக்கிரிக்குப் பெயரே பரட்டை. முடியே குணமாகி, குணமே பெயராகிவிட்டது. 'ஜெய் பீம்' (2021) இருளர் வாழ்வைப் பேசிய படம், அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. நடிகையின் தோலைக் கறுப்பாக்கிக் காட்டியதற்கு விமர்சனம் எழுந்ததும் சரியே. ஆனால் அந்த விவாதம் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியே சுற்றியது. முடியைப் பற்றி நமக்குப் பேச ஒரு சொல்லாடலே இல்லை.

4

என் கதைக்கு வருகிறேன். எனக்கு அம்மா வழிச் சுருட்டை. பள்ளி நாட்களில் காலை ஏழரை மணி என்றால் வயிற்றைக் கலக்கும். அம்மா உலர்ந்த முடியில் பேன்சீப்பை உச்சியிலிருந்து இழுப்பாள். முடி அறுகிற சத்தம் எனக்குக் கேட்கும். அம்மா கொடுமைக்காரி இல்லை. நேர்முடிக்கென்று உண்டான சீப்பும் முறையும்தான் அவளுக்குக் கிடைத்தவை.

எம்.ஏ. முடித்து ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குப் போனபோது, 'தலையை நீட்டாக வைத்துக்கொண்டு வாருங்கள்' என்றார்கள். முதல் மாதச் சம்பளத்தில் பாதியை ஒரு அழகு நிலையத்தில் கொடுத்து 'ஸ்ட்ரெய்ட்டனிங்' செய்துகொண்டேன். நடப்பது இதுதான்: முடியின் புரதத்தைப் பிணைத்திருக்கிற கந்தகப் பிணைப்புகளை ஒரு ரசாயனத்தால் உடைக்கிறார்கள். சூடான தகட்டால் நேராக்குகிறார்கள். பிறகு வேறொரு ரசாயனத்தால் அந்தப் பிணைப்புகளை நேரான நிலையிலேயே மறுபடி கட்டுகிறார்கள். மயிர்க்கால் மாறுவதில்லை. மூன்று நான்கு மாதத்தில் அடியிலிருந்து சுருள் முளைத்தது. புதியதும் பழையதும் சேருகிற இடத்தில் முடி ஒடிந்து ஒடிந்து கையோடு வந்தது.

இது என் சொந்தச் சோகம் மட்டுமல்ல. 2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. முடியை நேராக்கும் ரசாயனம் பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 விழுக்காடு என்று மதிப்பிட்டது. தொடர்பு என்பது காரணம் என்று நிரூபணமாவதல்ல. ஆனாலும் இப்படிப்பட்ட ரசாயனங்களை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் கறுப்பினப் பெண்கள் என்னும்போது, 'நீட்டாக வா' என்ற சொல்லின் எடை வேறாகிவிடுகிறது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன், கட்டுரையில் சமையற்குறிப்பா என்று யாரும் சிரிக்கலாம். சுருள் முடியை உலர்ந்திருக்கும்போது வாரக் கூடாது. நனைத்து, விரலாலோ அகலப்பல் சீப்பாலோ, நுனியிலிருந்து தொடங்கி மேலே போகவேண்டும். தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள்ளேயே புகக்கூடியது, குளிப்பதற்கு முன்னால் நுனிவரை தடவினால் முடி தேய்வது குறையும். தினமும் சோப்பும் ஷாம்பூவும் போட்டுக் காயவைக்கக்கூடாது. அரப்பு, ஊறவைத்து அரைத்த வெந்தயம், செம்பருத்தி இலை, சோற்றுக்கற்றாழை என்று நம் வீடுகளில் இருந்த வழவழப்பான பொருள்கள் சிக்கெடுக்க உதவும். துவாலையால் பரபரவென்று துவட்டாமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றவேண்டும். இதெல்லாம் பெரிய ரகசியமில்லை. பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான், பள்ளிக்கூடத்து இரட்டைச்சடை அதை மறக்கடித்தது.

5

ஆனால் 'உன் இயற்கை முடியை நேசி' என்று சொல்லி முடித்துவிட்டால் அது விளம்பர வாசகம். சந்தை அதை ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. சென்னைக் கடைகளில் சுருள் முடிக்கென்று தனி ஷாம்பூ, தனிக் களிம்பு, எல்லாம் நூற்றுக்கணக்கில் விலை. நகரத்துப் பெண்ணின் சுருள் இன்றைக்குத் துணிச்சல், நாகரிகம். அதே சுருள் இருளர் குடியிருப்பில் இன்னும் பரட்டை. வடிவம் ஒன்று, வாசிப்பு இரண்டு. மேலே நான் சொன்ன பக்குவத்துக்குத் தண்ணீர் வேண்டும், எண்ணெய் வேண்டும், ஒரு மணி நேரம் வேண்டும். பட்டாவும் குடிநீர்க் குழாயும் இல்லாத இடத்தில் முடியழகு பேசுவது அரைப்பேச்சு. ஊர்ச் சலூனில் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்த செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்தபடிதான் இருக்கின்றன. அங்கே என்ன பாணியில் வெட்டுவது என்பதற்கு முன்னால், அந்தத் தலையை யார் தொடுவது என்பதே கேள்வி.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் கோவில்களில் இறக்குகிற முடி ஏலம் போகிறது. திருமலையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டுக் கோவில்களிலும்தான். நீளம் பார்த்துப் பிரித்து, வேரும் நுனியும் ஒரே பக்கமாக அடுக்கி, சுத்தப்படுத்திக் கடல் கடந்து போகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பகுதி கறுப்பினப் பெண்கள். கிறிஸ் ராக்கின் 'குட் ஹேர்' (2009) ஆவணப்படம் இந்தப் பாதையைத் தேடி இந்தியா வரைக்கும் வந்தது. ஒரு தாய் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு கொடுத்த முடி, இன்னொரு தாயின் மகள் தன் சொந்த முடியை மறைப்பதற்குப் போகிறது. கொடுத்தவளுக்குக் காசில்லை, வாங்கியவளுக்கு நிம்மதியில்லை. நடுவில் இருப்பவர்களுக்கு லாபம். கறுப்பின மக்களோடு நமக்கு ஒப்புமை மட்டுமல்ல, ஒரு கொடுக்கல் வாங்கலும் இருக்கிறது. அதில் நாம் எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள் பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை.

பெரியார் பெண்களை முடியைக் கத்தரித்துக்கொள்ளச் சொன்னதையும் இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். அவர் பார்வையில் கூந்தல் ஒரு சுமை. அதைப் பேணுவதில் பெண்ணின் நேரமும் அறிவும் போகிறது என்பது அவர் கணக்கு. அவரை மறுத்துக் 'கூந்தலே பெண்மை' என்று நான் சொல்ல வரவில்லை. கத்தரிக்கிற உரிமையும் சுருளவிடுகிற உரிமையும் ஒன்றுதான். 'இப்படித்தான் இருக்கணும்' என்று இன்னொருத்தர் சொல்வதுதான் பிரச்சினை.

6

இந்த மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனேன். வடமாவட்டத்து இருளர்கள் பௌர்ணமிக்குக் கடற்கரையில் கூடுகிற நாள். கழிகளை நட்டு, சேலையைக் கட்டி, மணலிலேயே குடும்பம் குடும்பமாகத் தங்குகிறார்கள். விடிகாலையில் மணலில் ஏழு படி பிடித்துக் கன்னியம்மாவைக் கும்பிடுகிறார்கள். அங்கேயே கல்யாணம் பேசுகிறார்கள், தாலி கட்டுகிறார்கள், பிள்ளைகளுக்குக் காது குத்தி மொட்டையடிக்கிறார்கள்.

போகிற வழியில் திரௌபதி ரதத்தை மறுபடி பார்த்தேன். உள்சுவரில் கொற்றவையின் காலடியில் மண்டியிட்ட ஒருவன், ஒரு கையால் தன் முடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வாளைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறான். பெருஞ்சிற்பத்தில் சிவனுக்கும் தவசிகளுக்கும் சடைமுடி. தெய்வத்தின் தலையில் இருந்தால் சடை, ஏழையின் தலையில் இருந்தால் சிக்கு. ஏழாம் நூற்றாண்டுக் கல்லைப் பார்க்கிற கண்ணால் ஐம்பதடி தள்ளி நிற்கிற மனுஷியை நாம் பார்ப்பதில்லை.

சூரியன் மேலே வந்த பிறகு, ஒரு சேலைக் கூடாரத்தின் முன்னால் ஒரு பாட்டி பேத்தியை முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் குடத்தில் நல்ல தண்ணீர், சின்ன பாட்டிலில் எண்ணெய். ஈரக்கையால் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, விரலாலேயே நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் முப்பது வயதில் காசு கொடுத்துக் கெட்டுப்போய்க் கற்றுக்கொண்ட அதே முறை. பெண் வலியில்லாமல் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் பாட்டி, "என்னாம்மா, உனக்கும் எடுத்துவுடணுமா?" என்று சிரித்தார்.

எழுதுகிற தோழர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். 'பரட்டை'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'அலையலையான அழகிய கருங்குழல்' என்று வைத்துவிடாதீர்கள், அது இன்னொரு விதமான வேடிக்கை பார்ப்பு. அந்தத் தலையில் யாருடைய கை இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எந்த வேலை வந்து அந்தக் கையை இழுத்துக்கொண்டு போனது என்று பாருங்கள். நண்பர் கதையைத் திருத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அடைமொழியை மட்டும் அடித்தாரா, அந்தச் சிறுமிக்கு ஒரு பாட்டியைக் கொடுத்தாரா என்பது அடுத்த கூட்டத்தில் தெரியும். பின்வரிசை அம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.